பின்கட்டில் பதினான்கு லாரி மண்: பாயா தெருபோங்கில் ஒரு தாங்குசுவர்

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பினாங்கின் பாயா தெருபோங்கில், எனக்கு மாமா முறையாகும் ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். மூன்று மீட்டர் உயரக் கருங்கல் சுவர். உச்சியில் நாற்பது மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது. கட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

"கட்டும்போதே அப்படித்தான் இருந்திருக்கும் தம்பி, நீ பயமுறுத்தாதே" என்றார் மாமா.

சரி என்று மேல்வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கும் சீன ஆண்டி சமையலறைக்கு வெளியே உள்ள சிமெண்டுத் தரையைக் காட்டினார். எங்கள் சுவருக்கு இணையாக, அதிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், நேர்கோடாக ஒரு விரிசல். ஐம்பது சென் காசை நிறுத்தி வைத்தால் உள்ளே இறங்கியது. "போன மாதம் இது இல்லை" என்றார் மலாயில். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயத்தைக் கொடுத்தது.

பினாங்கில் ஒரு சிறிய பொறியியல் ஆலோசனை அலுவலகத்தில் வரைபடம் வரைவதும் சைட் பார்ப்பதும் என் வேலை. இந்தச் சம்பவத்தில் நான் வெறும் பார்வையாளன் இல்லை, கொஞ்சம் குற்றவாளியும்கூட. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளை மாற்றவில்லை.

நடந்தது

மூலை வீடு. பின்பக்கம் எல்லைக்கு நாலு மீட்டர் இருக்கும்போதே மண் மேடு ஏற ஆரம்பித்து, எல்லைக்கோட்டில் மூன்று மீட்டர் உயரத்தை எட்டும். அதற்கு மேலே அடுத்த வரிசை வீடுகள். மாமா ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் பின்கட்டைச் சமப்படுத்தி, ஒரு வெளிச் சமையலறை போட ஆசைப்பட்டார். அந்த மேட்டைச் செங்குத்தாக வெட்டி எடுத்துவிட்டு எல்லையில் ஒரு தெம்போக், அதாவது சுவர், கட்டினால் நாலு மீட்டர் இடம் கிடைக்கும் என்று தெரிந்த ஒரு காண்ட்ராக்டர் சொன்னார். பதினெட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்), மூன்று வாரம்.

பிப்ரவரியில் வெட்டினார்கள். பினாங்கில் அது காய்ந்த காலம். பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு எடுத்த மண் கணக்குப்படி எழுபது கன மீட்டர் சொச்சம். கிளறினால் உப்பிக்கொள்ளும் அல்லவா, பதினான்கு லாரி போயிற்று. தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலையிலிருந்து திரும்பிய ஒரு நாள், அந்த லாரிகளில் ஒன்று வீட்டு முன்னால் நிற்பதை நானே பார்த்தேன். "பெர்மிட் எடுத்தீர்களா மாமா?" என்று கேட்டேன். "சின்ன வேலைக்கு எடுத்தாச்சு" என்றார். நானும் தலையாட்டிவிட்டு காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். என் குற்றம் அதுதான்.

அவர் எடுத்திருந்தது தரை ஓடு மாற்றுவதற்கும் வேலி பழுது பார்ப்பதற்கும் கொடுக்கப்படும் சிறுவேலைப் பெர்மிட். காண்ட்ராக்டர் விண்ணப்பத்தில் 'பின் வேலிச் சுவர்' என்று எழுதியிருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. வேலிச் சுவர் தன்னைத் தானே சுமந்து நின்றால் போதும். தாங்குசுவர் பக்கத்து வீட்டு நிலத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

ஏப்ரல், மே மழையில் சுவர் அசையவில்லை. "பார்த்தியா?" என்றார் மாமா. ஜூலையில் மேல்வீட்டு ஆண்டி தன் சமையலறைக் கூரையை நீட்டினார். அந்தக் கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் லொங்காங் (சாக்கடைக் கால்வாய்) வரை போகவில்லை. எங்கள் சுவருக்குப் பின்னால், மண்ணிலேயே கொட்டியது.

சட்டம் எங்கே ஆரம்பிக்கிறது

பினாங்கில் மலைச்சரிவு என்றாலே எல்லோரும் ஒப்பிப்பது 76 மீட்டர், 25 பாகை. கடல் மட்டத்துக்கு மேல் 76 மீட்டரைத் தாண்டிய இடத்திலும், 25 பாகைக்கு மேல் சரிந்த இடத்திலும் சிறப்புத் திட்டங்கள் தவிர மேம்பாடு கூடாது என்பது மாநிலக் கட்டமைப்புத் திட்டத்தின் கொள்கை. "நாம 250 அடிக்குக் கீழேதானே இருக்கிறோம்" என்று மாமாவும் சொன்னார். அந்த எண் எங்கே புதுக் குடியிருப்பு வரலாம் என்பதைப் பற்றியது. உங்கள் வீட்டுப் பின்னால் கடப்பாரை போடுவதற்கு அது அனுமதி அல்ல.

இங்கே பேசுவது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். ஊராட்சி வட்டாரத்தில் 'சட்டம் 133' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் 'கட்டடம்' என்ற சொல்லுக்கான விளக்கத்தைப் படித்தால் சிரிப்பு வரும்: வீடு, குடிசை, கொட்டகை என்று தொடங்கி சுவர், வேலி, கம்பம், படித்துறை வரை போகும். அதாவது சட்டத்தின் கண்ணில் சுவரும் ஒரு கட்டடம்தான். 70ஆம் பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது.

ஆனால் மாமா மாட்டிக்கொண்டது 70இல் அல்ல, அதற்கு அடுத்த 70அ பிரிவில். அது மண்வேலைக்கானது. தோண்டுவது, சமப்படுத்துவது, எதைக் கொண்டாவது நிரப்புவது, பைலிங் அடிப்பது, அஸ்திவாரம் போடுவது, ஏன், மரம் வெட்டுவதும்கூட அதில் மண்வேலைதான். வரைபடமும் விவரக்குறிப்பும் கொடுத்து ஒப்புதல் வாங்காமல் மண்வேலையைத் தொடங்கக்கூடாது. ஆக, சுவரின் முதல் கல்லை வைப்பதற்கு முன்பே, முதல் லாரி மண் ஏற்றியபோதே மீறல் நடந்துவிட்டது. தாங்குசுவர் விதி என்று யார் என்னிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: எவ்வளவு உயரம் வரை பெர்மிட் இல்லாமல் கட்டலாம் என்று கேட்காதீர்கள், எதை வெட்டப்போகிறீர்கள் என்று பாருங்கள். வெட்டிய பிறகு சுவர் ஒரு கட்டாயம். வெட்டும் முன்பு அது ஒரு தேர்வு மட்டுமே.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. அங்கும் சட்டம் 133 உண்டு. கட்டடத் துணைச்சட்டம் கூட்டரசுப் பிரதேசத்துக்கென்று 1985இல் தனியாக வந்தது. திட்டமிடலுக்கு 1982ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. சரிவுப் பகுதிக்கான டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) வழிகாட்டியும் வேறு. பினாங்கு நண்பர் ஒருவர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள்.

நிலச் சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. தேசிய நிலச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் பக்கத்து நிலத்தின் தாங்குதலைப் பெறும் உரிமையைக் கொடுக்கிறது. இயற்கை நிலையில் இருக்கும் மண்ணுக்கான தாங்குதல் அது. மாமா வெட்டி எடுத்தது தன் நிலத்து மண்தான், கிராண்ட் (நிலப் பட்டா) அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மண் ஆண்டியின் நிலத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. "என் மண்ணை நான் எடுத்தேன், அவளுக்கு என்ன?" என்று மாமா கேட்டபோது இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

சுவர் ஏன் சாய்ந்தது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முன்பக்கம் செங்குத்து. கனம் உச்சியில் 450 மில்லிமீட்டர், அடியில் 900. கருங்கல்லும் சாந்தும். பார்க்கக் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும்.

மண் நன்கு வடிந்த நிலையில் இருந்தால், மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 2.7 டன் தள்ளும். அந்தத் தள்ளல் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது ஒரு மீட்டரில் செயல்படுவதால், கவிழ்க்கும் திறனும் 2.7 டன்-மீட்டர். எதிர்த்து நிற்பது சுவரின் எடையும், பின்சரிவில் உட்கார்ந்திருக்கும் மண்ணின் எடையும். இரண்டையும் கணக்குப் போட்டால் சுமார் 2.5. கவிழ்வதற்கு எதிராக இரண்டு மடங்கு பாதுகாப்பு வேண்டும் என்பது வழக்கமான அளவு. இங்கே ஒரு மடங்குகூட இல்லை.

பின்னால் தண்ணீர் உச்சி வரை தேங்கினால்? மண்ணின் பங்கு குறையும், ஆனால் தண்ணீர் மட்டுமே 4.4 டன் தள்ளும். இரண்டும் சேர்ந்து ஐந்தரை டன்னைத் தாண்டிவிடும். அப்போது சுவரிடம் இருப்பது தேவைப்படுவதில் பாதிக்கும் குறைவு.

பிறகு எப்படி எட்டு மாதம் நின்றது என்று கேட்கலாம். பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். நம் காலடியில் இருப்பது அந்தக் கல் மட்கி உண்டான மண். ஈரம் குறைவாக இருக்கும்போது அந்த மண்ணுக்குத் தனக்குள்ளேயே ஒரு பிடிப்பு உண்டு. கடற்கரை ஈர மணலில் குழந்தைகள் வீடு கட்டுவது போல. பிப்ரவரியில் வெட்டிய செங்குத்து முகம் மூன்று வாரம் சுவரே இல்லாமல் நின்றதும் இதனால்தான். காண்ட்ராக்டர் அதைப் பார்த்து "நல்ல மண்ணு, இறுக்கமா இருக்கு" என்றாராம். மண் நனைந்து ஊறிப்போனால் அந்தப் பிடிப்பு போய்விடும். ஜூலையில் வந்த கூரைக் குழாய் அதைச் செய்தது.

இன்னும் இரண்டு விஷயங்கள் வேலையைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தன.

ஒன்று, வீப்ஹோல், அதாவது பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வைக்கும் துளை. சுவரில் இரண்டு மீட்டருக்கு ஒன்று என்று பிவிசி குழாய் வைத்திருந்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த ஞாயிறு நான் ஒவ்வொன்றிலும் விரல் விட்டுப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்திருந்தன. மாமா அதை நல்ல அறிகுறி என்று நினைத்தார். அதைவிடக் கெட்ட அறிகுறி கிடையாது. ஒரு குழாயைச் சுற்றிக் கல்லைப் பெயர்த்தபோது, பின்னால் ஜல்லியும் இல்லை, வடிகட்டித் துணியும் இல்லை. வெட்டியெடுத்த அதே களிமண், உடைந்த ஓடு, ஒரு சிமெண்டுச் சாக்கு. குழாயின் பின்வாய் அந்தச் சாக்கில் முட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு, அஸ்திவாரம். வலது மூலையில் "பாறை கிடைச்சிருச்சு" என்று முந்நூறு மில்லிமீட்டரிலேயே நிறுத்தியிருந்தார்கள். மேக்கிண்டாஷ் புரோப் அடித்துப் பார்த்தோம். ஐந்து கிலோ சுத்தியலை 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விட்டு, கம்பி முந்நூறு மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுகிற எளிய சோதனை அது. மூலையில் அடி எண்ணிக்கை சட்டென்று ஏறியது; ஒன்றரை மீட்டர் தள்ளி அடித்தால் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கிடைத்தது பாறையே அல்ல, மட்கிய மண்ணுக்குள் மிதக்கும் உருண்டைக் கல். பினாங்கு மலையடிவாரத்தில் இது சர்வ சாதாரணம். சுவரின் ஒரு முனை கல்லில், மறுமுனை மெத்தையில்.

யார் யார் வந்தார்கள்

மாமா கேட்டுக்கொண்டதால் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டிதான் மாநகர் மன்றத்துக்குப் புகார் கொடுத்தார். மாமா இன்றும் அதை ஒரு துரோகமாகச் சொல்வார். நான் அவர் கட்சியில் இல்லை. அந்த விரிசலுக்குப் பக்கத்தில்தான் ஆண்டியின் பேரக்குழந்தை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது.

நோட்டீஸ் வந்தது. பின்கட்டை யாரும் பயன்படுத்தக்கூடாது, எல்லா வேலையும் நிற்க வேண்டும், தொழில்முறைப் பொறியாளரின் அறிக்கை வேண்டும். அனுமதியில்லாத கட்டடத்தை இடிக்க உத்தரவிட 72ஆம் பிரிவு இருக்கிறது என்று எங்கள் அலுவலகப் பொறியாளர் அண்ணன் மாமாவிடம் சொன்னார். அதற்கு முன்னால் இருக்கும் 71ஐயும் சொன்னார். தவறான கட்டுமானம், மேற்பார்வைக் குறை, தவறான கணக்கு போன்றவற்றால் ஒரு கட்டடமோ மண்வேலையோ இடிந்தால், அதற்குப் பொறுப்பானவருக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

"ஒரு சுவருக்கா?" என்றார் மாமா.

நாங்கள் பதில் சொல்லவில்லை. புக்கிட் கூக்குஸ் அந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. 2018 அக்டோபர் 19 அன்று அங்கே சாலை வேலைத் தளத்தில் சரிவு இறங்கி ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, 2017 அக்டோபர் 21, தஞ்சோங் பூங்காவில் பதினொரு பேர். இரண்டு இடத்திலும் புதைந்தவர்கள் வேலை செய்ய வந்தவர்கள். அக்டோபரில் எங்கள் அலுவலகத்தில் யாரும் மழையைப் பற்றி விளையாட்டாகப் பேசுவதில்லை.

மாமாவிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது: "முன்சிபல்காரன் கையெழுத்துப் போட்டிருந்தா அவன்தானே பொறுப்பு?" அப்படியில்லை. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் கட்டடம் விழுந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மேட்டில் அடுக்கடுக்காகக் கட்டியிருந்த கருங்கல் சுவர்களும், ஒழுங்காக வடிக்கப்படாத தண்ணீரும் அந்த வழக்கில் மையமாக இருந்தன. வழக்கு 2006இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. கட்டட வரைபடங்களுக்கு ஒப்புதல் கொடுத்ததற்கும் பரிசோதித்ததற்கும் ஊராட்சி மன்றத்தின் மீது வழக்குப் போட முடியாதபடி சட்டம் 133இன் 95ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்று அங்கே முடிவாயிற்று. எனவே மன்றத்தின் முத்திரை உங்களுக்குக் காப்புறுதி அல்ல. காப்புறுதி என்றதும் ஞாபகம் வருகிறது: வீட்டுக் காப்புறுதியில் நிலச்சரிவு பெரும்பாலும் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டிய ஒன்று. மாமா சேர்க்கவில்லை. நானும் என் வீட்டுக்குச் சேர்க்கவில்லை என்று அன்றிரவுதான் பார்த்தேன்.

சரிசெய்தது

முதல் வேலை சுவரில் அல்ல. ஆண்டி வீட்டுக் கூரைக் குழாயை அன்றே லொங்காங்குக்குத் திருப்பினோம். எண்பது வெள்ளிக் குழாய். விரிசலுக்குள் தண்ணீர் போகாமல் அடைத்து, மேலே கேன்வாஸ் விரித்தோம். சுவரின் கீழ்வரிசையில் ஆறு இடத்தில் துளை போட்டோம். மூன்றாவது துளையில் செம்மண் தண்ணீர் கையளவு தூரம் பீய்ச்சி அடித்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்து உரிமம் பெற்ற சர்வேயர் வந்து 'பத்து செம்பாடான்' எனப்படும் எல்லைக்கல்லைத் தேடி எடுத்தார். எல்லைக்கல் இருந்த இடத்துக்கும் எல்லை என்று எல்லோரும் நினைத்த இடத்துக்கும் வித்தியாசம். சுவரின் அடி, ஆண்டியின் நிலத்துக்குள் 150 மில்லிமீட்டர் போயிருந்தது.

புதுச் சுவர் கம்பி கட்டிய காங்கிரீட். அடித்தளம் பின்பக்கமும் முன்பக்கமும் நீளும். பின்பக்க நீட்டத்தின் மேல் உட்காரும் மண்ணே சுவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அதன் சூட்சுமம். ஆனால் அந்த நீட்டம் முழுவதும் மாமாவின் நிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆகவே சுவர் எல்லையிலிருந்து உள்ளே தள்ளி வந்தது. நாலு மீட்டருக்கு ஆசைப்பட்டவருக்கு மூன்றுக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. பொறியாளர் முத்திரை வைத்த வரைபடமும் கணக்கும் மண்வேலைத் திட்டமும் மன்றத்துக்குப் போய், கேள்வி கேட்டுத் திரும்பி வந்து, மறுபடி போய் ஒப்புதல் ஆயிற்று. காண்ட்ராக்டர் இந்த முறை சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவானவர்.

பழைய சுவரை ஒரே மூச்சில் இடிக்க முடியாது; இடித்தால் ஆண்டி வீடு கீழே வந்துவிடும். 2.4 மீட்டர் துண்டுகளாக ஐந்து. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து. அவை இறுகிய பிறகு இரண்டும் நாலும். சுவருக்குப் பின்னால் வடிகட்டித் துணி, முந்நூறு மில்லிமீட்டருக்கு ஜல்லி, அடியில் துளையிட்ட குழாய், உச்சியில் ஒரு சிறு லொங்காங். எழுபத்தைந்து மில்லிமீட்டர் வீப்ஹோல் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, இரண்டு வரிசை, மொத்தம் பதினாறு. முதல் சுவருக்குக் கொடுத்ததைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு செலவு. கல்யாணம் மண்டபத்தில் நடந்தது.

அடுத்த வருட மழைக்கு மாமாவே போன் பண்ணினார். "தம்பி, பதினஞ்சு ஓட்டையில தண்ணி வருது. ஒண்ணுல வரலை." அவர் குடையைப் பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். சாயங்காலம் போனேன். மேல்வரிசையில் கடைசித் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. விளக்குமாற்றுக் குச்சியால் குத்தி விட்டோம். முதலில் குளவி வந்தது, அப்புறம் தண்ணீர்.